சாரலில் சாய்ந்த பாய்மரம்: செங்கோட்டைப் பக்கத்து மாதிரிக் கப்பல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

செங்கோட்டைக்கும் புளியரைக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் மரத்தால் ஒரு பாய்மரக் கப்பல் மாதிரியைக் கட்டத் தொடங்கினார். கூடவே இருந்து உதவியவர் அவருடைய தங்கை மகன். மர வேலையில் அக்கம்பக்கத்து ஆசாரி ஒருவரும், சின்ன உருண்டைச் சாமான்களுக்கு அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர் ஒருவரும் கைகொடுத்தார்கள். கயிறு கட்டும் வேலையில் சிக்கல் வந்த பிறகுதான் மருமகன் என்னை அழைத்தார். அதற்கு முன் நடந்தவற்றை அவர்கள் சொன்னதிலிருந்தும், பெரியவர் விடாமல் எழுதி வந்த குறிப்பேட்டிலிருந்தும் தொகுத்திருக்கிறேன். யார் பெயரும் இதில் இல்லை.

இடத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று நேரே வந்து இறங்கும் பகுதி இது. பங்குனி, சித்திரையில் ஓட்டுக்கூரை அனலாய்க் கொதிக்கும். ஆனி பிறந்ததும் குற்றாலத்துச் சாரல் இங்கேயும் வந்துவிடும். துவைத்த வேட்டி இரண்டு நாளானாலும் காயாது. பெரியவர் வேலை செய்த இடம் மாடியில், தகரக் கூரை போட்ட ஓர் அறை. அங்கே வைத்திருந்த சின்ன ஈரமானி பங்குனி மதியத்தில் 40 விழுக்காட்டுக்குக் கீழே காட்டியிருக்கிறது. ஆடி மாதக் காலைகளில் 90ஐத் தாண்டியிருக்கிறது. வருடம் முழுவதும் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில்தான் அந்தக் கப்பல் வாழ வேண்டும்.

கப்பலும் மரமும்

அவர் தேர்ந்தெடுத்தது திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலான டிரிங்கோமலி. 1817 அக்டோபரில் பம்பாயில் வாடியா குடும்பத்தார் கட்டி நீரில் இறக்கிய மூன்று பாய்மரக் கப்பல் அது. அதற்காக முதலில் அனுப்பப்பட்ட வரைபடங்கள் 1812இல் ஜாவா என்ற கப்பலோடு கடலில் தொலைந்துபோய், மறுபடி நகல் அனுப்ப வேண்டியதாயிற்று. ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் மலபார் தேக்கில் கட்டியதால்தான் அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் வரைபடத்தை வாங்கி அனுப்பினார். "நம்ம மலைத் தேக்குல செஞ்ச கப்பல். நானும் தேக்குலதான் செய்வேன்" என்பது பெரியவரின் முடிவு. அந்த ஆசையில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் வந்த முதல் கோளாறுக்கு வேர் அதில்தான் இருந்தது.

அளவு 64இல் ஒரு பங்கு. மூலக் கப்பலின் பீரங்கித் தளம் ஏறக்குறைய 150 அடி, அகலம் 40 அடி. மாதிரியில் முறையே 71 செ.மீ., 19 செ.மீ. வருகிறது. ஏரா எனப்படும் அடிமரத்தையும், விலா எலும்புபோல நிற்கும் வங்குகளையும் 6 மி.மீ. பிளைவுட்டில் அறுத்து நிறுத்தி, மேலே 8 மி.மீ. அகலமும் 2 மி.மீ. கனமும் உள்ள தேக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டினார்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் கோந்து சரியாகப் பிடிக்காது; ஒட்டும் முகத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்ட வேண்டும். இதை ஆசாரி முதல் நாளே சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒட்டு கடைசிவரை எங்கேயும் விடவில்லை.

தேக்கின் நார் முரடு என்பதால் சின்னச் சாமான்களுக்கு அது ஆகாது. மூன்று துளை போட்ட வட்டக்கட்டைகளையும், கப்பிகளையும் மஞ்சக்கடம்பில் கடைந்து வாங்கினார்கள். நெருக்கமான நார் உள்ள மரம் அது, அரை மி.மீ. துளை போட்டாலும் ஓரம் உதிராது. இந்தக் கப்பலில் கிடைத்த மிகச் சிறந்த பொருத்தம் அதுதான் என்பேன்.

முதல் கோளாறு: பலகை விட்ட இடைவெளி

பலகை ஒட்டியது ஆனி முதல் ஆவணி வரை. தேக்கு, ஒரு தச்சுப் பட்டறையின் கழிவிலிருந்து வந்த புதுமரம். அடுத்த மாசி கடைசியில் உடலின் இரு பக்கமும் நீளவாக்கில் வெடிப்பு தெரிந்தது. ஒரு இடத்தில் அஞ்சலட்டை நுழையும் அகலம்.

காரணத்தைக் கணக்கிலேயே காட்டலாம். காற்றின் ஈரம் 90 விழுக்காடாக இருந்தால் மரம் தன் உலர் எடையில் 20 விழுக்காட்டுக்கு நெருக்கமான நீரோடு நிற்கும். 40இல் அது 8க்கு இறங்கும். பச்சை நிலையிலிருந்து முழுக்க உலரும்போது தேக்கு ஆண்டு வளையத்தின் போக்கில் 5.8 விழுக்காடும், மையத்திலிருந்து விளிம்பு நோக்கிய போக்கில் 2.5 விழுக்காடும் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். வளையப் போக்கில் அறுத்த 8 மி.மீ. சட்டம் ஒன்று சாரலிலிருந்து கோடைக்கு வரும்போது ஏறக்குறைய 0.2 மி.மீ. ஒடுங்கும். இருபது சட்டம் அடுக்கினால் 4 மி.மீ. ஆகும். கோந்து பலமாக இருந்ததால் எல்லா இணைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியவில்லை. தாங்க முடியாத இரண்டு மூன்று இடங்களில் மொத்தமாக வெடித்தது.

ஆசாரி உடனே மக்கு (இடுக்கை அடைக்கும் பசை) போட்டு அடைத்துவிடலாம் என்றார். பெரியவர் மறுத்தார். அவர் குறிப்பேட்டில் எழுதிய காரணம் சரியானது: கோடையில் கெட்டி மக்கால் அடைத்தால், சாரலில் பலகை உப்பும்போது போக இடமில்லாமல் புடைத்துக்கொள்ளும். பழைய வீட்டு நிலை ஒன்றிலிருந்து கிடைத்த தேக்கில் மெல்லிய சிம்புகள் சீவி, ஈரம் நடுத்தரமாக இருந்த சித்திரை மழைக்குப் பிறகு இடைவெளிகளில் செருகினார்கள். உள்ளும் புறமும் ஒரே கனத்தில் அரக்கு வார்னிஷ் பூசினார்கள். வெளியே மட்டும் பூசினால் உள்முகம் மட்டும் ஈரம் குடித்து, பலகை குழியாக வளையும். பூச்சு ஈரத்தைத் தடுத்துவிடாது, வேகத்தைக் குறைக்கும். ஒரு நாள் மழைக்கும் ஒரு நாள் வெயிலுக்கும் மரம் ஆடாமல் இருக்க அது போதும்.

கயிறு கட்டிய கோடை

அதே கோடையில் கயிறு வேலை தொடங்கியது. கடையில் கிடைத்த பருத்தி நூலை வாங்கி வீட்டிலேயே முறுக்கினார்கள். புனலூர்ப் பக்கம் கயிற்று ராட்டில் வேலை பார்த்த ஓர் அம்மா பக்கத்து வீட்டில் இருந்தார். நூலின் முறுக்கு ஒரு பக்கம் என்றால், மூன்று புரியையும் சேர்த்து முறுக்குவது எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைவிட்டதும் பிரிந்துவிடும் என்று தேங்காய் நாரில் செய்து காட்டியவர் அவர்தான். அந்த அறையில் முறுக்கிய கயிறுகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அத்தனை சீராக இருந்தன.

பருமனையும் பெரியவர் முறையாகக் கணக்கிட்டிருந்தார். பழைய கப்பல் கணக்கில் கயிற்றைச் சுற்றளவால்தான் சொல்வார்கள். 10 அங்குலக் கயிறு என்றால் விட்டம் 3.2 அங்குலம், 64ஆல் வகுத்தால் 1.26 மி.மீ. சுற்றளவை விட்டம் என்று எடுத்துக்கொண்டு கப்பலுக்கு வடம் கட்டிவிடுபவர்கள் உண்டு. அவர் அந்தக் குழியில் விழவில்லை.

இனி கட்டிய வரிசை. ஒவ்வொரு பாய்மரமும் கீழ்மரம், இடைமரம், நுனிமரம் என்று மூன்று துண்டு. ஷ்ரவுட் எனப்படும் பக்கக் கயிறுகள் மரத்தை இரு புறமும் இழுத்துப் பிடிக்கின்றன. முன்தாங்கு கயிறுகள் முன்னோக்கி இழுக்கின்றன. பின்தாங்கு கயிறுகள் அதற்கு ஈடுகொடுக்கின்றன. பக்கக் கயிற்றின் நுனியில் ஒரு மூன்று துளைக் கட்டை, கப்பல் ஓரத்தில் இன்னொன்று, இரண்டையும் கோத்து இறுக்க ஓர் இழுகயிறு. பெரியவர் வலப்பக்கம் முழுவதையும் முதலில் கட்டி முடித்து, பிறகு இடப்பக்கம் போனார். முன்தாங்கு கயிறுகளை விறைப்பாக இழுத்துக் கட்டினார். பின்தாங்கு கயிறுகள் கைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று கடைசிக்கு ஒத்திவைத்தார். ஒவ்வொரு இழுகயிற்றின் முடிச்சிலும் சூப்பர் குளூ ஒரு சொட்டு. முன்மரத்திலும் பின்மரத்திலும் ஏறிப்போகும் படிக்கயிறுகளையும் கட்டிவிட்டார். படிக்கு நடுவே 5 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை, ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் ஒரு சுருக்கு. அது வாரக் கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை.

சாரல் தொடங்கிய பின் கண்டவை

ஆனி இரண்டாம் வாரத்தில் மருமகன் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுப் போனேன். கண்டவை இவை.

முன்மரத்தின் நுனி முன்னோக்கியும், கொஞ்சம் வலப்பக்கமாகவும் சாய்ந்திருந்தது. ஆசாரியின் தூக்குக்குண்டை வைத்துப் பார்த்தபோது 5 மி.மீ.க்குக் குறையாத சாய்வு. நடுமரத்தின் நுனிமரம் வில்போல வளைந்திருந்தது. முன்தாங்கு கயிறுகளை விரலால் சுண்டினால் வீணைத் தந்தி மாதிரி ஒலித்தன. கப்பல் மூக்கிலிருந்து நீளும் முன்நீட்டு மரம் அதன் அடி ஒட்டிலிருந்து சற்று மேலெழும்பியிருந்தது. அதைக் கீழ்நோக்கிப் பிடிக்கும் கயிறு இன்னும் கட்டப்படவே இல்லை. வலப்பக்கத்தில் ஒரு மூன்று துளைக் கட்டை, ஓரப்பலகையில் பதித்த பித்தளைக் கம்பியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. சிம்பு செருகிய உடலில் ஒரு கோளாறும் இல்லை.

மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்கள். மரம் வளைந்துவிட்டது என்பது மருமகனின் எண்ணம். பாய்மரம் நிற்கும் அடிக்குழி தளர்ந்துவிட்டது என்றார் ஆசாரி. வெயில் பட்டிருக்க வேண்டும் என்றார் பெரியவர். அடிக்குழியை ஆட்டிப் பார்த்தோம், அசையவில்லை. நுனிமரத்துக் கயிறு ஒன்றை மட்டும் அறுத்ததும் வளைவு பாதிக்கு மேல் நிமிர்ந்துவிட்டது. அப்படியென்றால் மரம் தானாக வளையவில்லை, ஏதோ அதை இழுத்துக்கொண்டிருக்கிறது.

ஆணியில் தொங்கவிட்ட நூல்

அதே பருத்திக் கயிற்றில் மிச்சமிருந்ததைச் சுவரில் ஓர் ஆணியில் கட்டி, கீழே ஒரு சிறு எடை தொங்கவிட்டேன். பக்கத்தில் பாலியஸ்டர் நூலில் முறுக்கிய துண்டு ஒன்று, அதே நீளம், அதே எடை. இரண்டின் நுனியிலும் சுவரில் பென்சில் கோடு. மழை விடாமல் பெய்த நாள்களில் பருத்தியின் நுனி கோட்டுக்கு மேலே ஏறியது. ஜன்னல் திறந்து வெயில் வந்த மதியங்களில் கீழே இறங்கியது. ஈரத் துணியால் துடைத்தால் கண்ணெதிரே ஏறியது. பாலியஸ்டர் நுனி கோட்டிலேயே நின்றது.

முறுக்கிய பருத்தி இழை நீரைக் குடித்துத் தடிக்கும். தடித்த புரிகள் ஒன்றையொன்று சுற்றிவர அதிக நீளம் கேட்கும்; அந்த நீளம் கயிற்றின் நீளத்திலிருந்துதான் போக வேண்டும். ஆகவே கயிறு குறுகும். உண்மையான கப்பல்களில் சணல் கயிறுகளுக்குத் தார் பூசியதற்கு இதுவும் ஒரு காரணம்; மாலுமிகள் வானிலை பார்த்து இழுகயிறுகளைத் தளர்த்தி இறுக்கியதும் இதனால்தான். கோடையின் உலர்ந்த நாளில் விறைப்பாகக் கட்டி, முடிச்சைப் பசையால் பூட்டிவிட்ட மாதிரியில் அந்தத் தளர்ச்சிக்கு வழியே இல்லை. முன்னே இழுப்பவை மட்டும் இருந்து பின்னே பிடிப்பவை இல்லாததால் சாய்வு முன்னோக்கிப் போனது. வலப்பக்கம் முதலில் விறைத்ததால் கூடவே அந்தப் பக்கமும் போனது.

அறுப்பதா, விட்டுவிடுவதா

வீட்டில் வேலை நின்றது இந்தக் கட்டத்தில்தான். மூன்று வழி இருந்தது. எதையும் தொடாமல் கோடை வரை காத்திருப்பது முதல் வழி. கயிறு உலர்ந்து தளரும், ஆனால் அடுத்த சாரலில் மறுபடி இழுக்கும், பிடுங்கிய கட்டையின் துளை இன்னும் பெரிதாகும். எல்லாக் கயிற்றையும் அறுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது இரண்டாவது. முன்மரத்தையும் நடுமரத்தையும் மட்டும் அவிழ்த்து, பின்மரத்தை அப்படியே விடுவது மூன்றாவது.

சூப்பர் குளூ போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாது. அசிட்டோன் அதை மெல்லக் கரைக்கும், ஆனால் பூசிய அரக்கையும் சேர்த்து எடுத்துவிடும். பசை ஊறிய நூல் வேறு கண்ணாடிபோல விறைத்து, மடக்கினால் ஒடிகிறது. ஆகவே இழுகயிறுகளை அறுக்கத்தான் வேண்டும். இழுகயிறு போனால் பக்கக் கயிறு போகும், அதோடு முன்மரத்துப் படிக்கயிறு அத்தனையும் போகும்.

"அண்ணாச்சி, முன்மரத்த அவுக்காம இதுக்கு வழி கெடையாது" என்றேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. "அந்தப் படி ஒவ்வொண்ணும் நான் கண்ணாடி போட்டுக்கிட்டு கட்டினது தம்பி" என்றார். பிறகு, "கொஞ்ச நாள் போகட்டும். நானே அறுக்கேன். வேற யாரும் தொட வேண்டாம்."

அந்த அவகாசம் கேட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். மூன்று நாள் கழித்து மூன்றாவது வழியை அவரே தேர்ந்தெடுத்தார். பின்மரத்தில் சாய்வு இல்லை. அதன் கயிறுகளும் மெல்லியவை; இழுவை குறைவு. தவிர, பருத்திக் கயிறு கட்டிய ஒரு மரத்தைப் பக்கத்திலேயே வைத்திருந்தால் அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று மருமகன் சொன்னது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

மறுபடி கட்டிய முறை

அசையாமல் நிற்க வேண்டிய கயிறுகள் எல்லாம் பாலியஸ்டருக்கு மாறின. அந்த நூலில் ஒரு பளபளப்பு உண்டு, கப்பலுக்கு ஒட்டாது. கருப்புக்குப் பதில் கரும்பழுப்பு நூல் எடுத்து, தேன்மெழுகு தேய்த்து, துணியால் உருவிய பிறகு மங்கல் வந்தது. பாயை ஏற்றி இறக்கும் ஓடுகயிறுகளுக்குப் பருத்தியே போதும் என்று விட்டோம். அவை கொஞ்சம் தொய்ந்து கிடப்பதே இயல்பு. ஓரத்து ஆணிகளில் சுற்றிக் கட்டுவதால் எப்போது வேண்டுமானாலும் இளக்கலாம்.

வரிசை முழுக்க மாறியது. முன்நீட்டு மரத்தைக் கயிற்றால் மூக்கோடு வரிந்து கட்டி, அதைக் கீழே பிடிக்கும் கயிற்றையும் முதலில் போட்டோம். முன்மரத்தின் தாங்கு கயிறுகள் அதில்தான் வந்து நிற்கின்றன. நடுமரத்தின் மேல்தாங்கு கயிறு முன்மரத்தின் தலையில் நிற்கிறது. முன்னால் இருப்பது அசைந்தால் பின்னால் இருப்பது எல்லாம் அசையும். பக்கக் கயிறுகளில் வலப்பக்கத்து முன் ஜோடி முதலில், பிறகு இடப்பக்கத்து முன் ஜோடி, மறுபடி வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டோம். பழைய கப்பல்களிலும் இதுதான் முறை. ஒரு ஜோடி போட்டதும் தூக்குக்குண்டு வைத்துப் பார்ப்போம். பின்தாங்கு கயிறுகளை அந்தந்த மரத்தின் முன்தாங்கு கயிற்றோடு சேர்த்தே கட்டினோம். கைக்கு இடைஞ்சல்தான், நீளமான இடுக்கி வாங்கியதும் சரியாயிற்று.

இழுகயிற்று முடிச்சுகளுக்கு நீர் கலந்த வெள்ளைக் கோந்து மட்டும். பின்னால் அவிழ்க்க வேண்டுமானால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டால் இளகிவிடும். கயிறும் கைக்கு விறைப்பாக வரும்வரை இழுக்கவில்லை. தொய்வு போனதும் நிறுத்தினோம். பிடுங்கிய கட்டையின் துளையில் மூங்கில் ஆப்பு அடித்து, பித்தளைக் கம்பியை உள்பக்கம் மடக்கிப் பதித்தோம்.

கப்பல் மாடியிலிருந்து கீழே நடுவீட்டுக்கு வந்தது. மண்சுவர் கனம் உள்ள பழைய அறை, வெயில் ஏறாது. கண்ணாடிப் பெட்டி செய்தபோது காற்று புகாமல் அடைக்க வேண்டும் என்று ஆசாரி விரும்பினார். அடியில் துளைகள் வேண்டும் என்று சொன்னோம். அடைத்த பெட்டிக்குள் மரத்திலிருந்தும் கோந்திலிருந்தும் வரும் அமில ஆவி தேங்கும். ஈயத்தில் வார்த்த பீரங்கிகள் இருந்தால் நாளடைவில் வெள்ளைப் பொடியாகிவிடும். அருங்காட்சியக மாதிரிகளிலேயே இப்படி நடந்திருக்கிறது. பீரங்கிகளைப் பித்தளையில் கடைந்து வாங்கினார்கள்.

பின்பு நடந்தது

அடுத்த வருடச் சாரல் முழுவதும் மருமகன் தூக்குக்குண்டு வைத்துக் குறித்துவந்தார். முன்மரமும் நடுமரமும் நின்ற இடத்தில் நின்றன. நடுமரத்து நுனியின் முன்தாங்கு கயிறு மட்டும் கோடையில் சற்றுத் தொய்ந்தது; கோந்தை இளக்கி மறுபடி இழுத்ததோடு சரி. பருத்தியிலேயே விட்ட பின்மரம் ஆடியில் விறைத்தது, மார்கழிக்குப் பின் தளர்ந்தது. தளர்ந்தபோது முதலில் இருந்ததைவிடச் சற்று அதிகமாகவே தொய்வு இருந்தது. அங்கே மரம் சாயவில்லை, ஆனால் படிக்கயிறுகள் அலை அலையாகத் தெரிகின்றன. உடலில் இடப்பக்கத்துச் சிம்பு ஒன்றின் ஓரத்தில் மயிரிழைக் கோடு வந்திருக்கிறது. பெரியவர் அதை மூடவில்லை.

முன்மரத்துப் படிக்கயிறுகளை அவர் மறுபடி கட்டி முடித்தார். முதல் முறையைவிட இப்போது படிகள் நேர்.

இனி மாற்ற வேண்டியவை

மரத்தை வாங்கிய கையோடு ஒட்டக் கூடாது. சட்டமாக அறுத்து, கப்பல் நிற்கப்போகும் அதே அறையில் ஒரு சாரலையும் ஒரு கோடையையும் பார்க்க விட வேண்டும். இந்தப் பகுதியில் இடித்த வீட்டுத் தேக்குக்குப் பஞ்சமில்லை. அதிலேயே முழு உடலையும் செய்திருக்கலாம். சட்டத்தை மைய விளிம்புப் போக்கில் அறுத்தால் சுருக்கம் பாதிக்கும் கீழே வரும். கழிவு அதிகம், ஆனாலும் செய்யத் தகும்.

கயிறு வேலையை ஈரம் இரண்டு கடைசிக்கும் நடுவில் இருக்கும் மாதங்களில் தொடங்குவது நல்லது. செங்கோட்டைப் பக்கம் அது பெரும்பாலும் புரட்டாசியின் முன்பாதி. ஐப்பசியில் வடகிழக்கு மழை வந்துவிடும். நூல் எந்தக் கடையில் வாங்கினாலும் முழுச் சுருளைப் பயன்படுத்தும் முன் ஒரு முழம் வெட்டி, எடை கட்டி, ஆணியில் தொங்கவிட்டு, ஈரத்துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். பாலியஸ்டர் என்று சொல்லி விற்பதில் பருத்தி கலந்தும் வருகிறது. நுனியைத் தீயில் காட்டினால் உருகி மணியாவது பாலியஸ்டர், சாம்பலாவது பருத்தி.

படிக்கயிறு எல்லாவற்றுக்கும் கடைசி வேலையாக இருக்க வேண்டும், பின்தாங்கு கயிறுகள் முடிந்து ஒரு சாரலாவது கடந்த பிறகு. பெரியவர் நடுமரத்துக்கு இப்போது அப்படித்தான் செய்கிறார். அதன் பக்கக் கயிறுகள் இன்னும் வெறுமனேதான் நிற்கின்றன.